சொல்லத் தெரிந்தால் மட்டும் போதுமா?

(நாமக்கல் மாவட்டத்தில் நடந்த உழவர் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக என்னை அழைப்பவர்கள் மரவள்ளிக்கு உரமிடுவது பற்றியோ, நிலக்கடலையில் களை நிர்வாகம் பற்றியோ பேசச் சொல்வார்கள். இன்று வேறொரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேளாண்மை அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சித் தலைவர், மாவட்ட ஆட்சியர் ஆகியோர் மக்களிடம் எப்படிப் பேச வேண்டும், அதற்கு அவர்களுக்கு என்ன பயிற்சி கிடைக்கிறது, அந்தப் பயிற்சியில் உங்கள் பங்கு என்ன என்பதே இன்றைய பொருள்.

"அதிகாரிக்குப் பேசக் கற்றுக் கொடுப்பது எங்கள் வேலையா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பகுதி உங்கள் வேலைதான். பிறரைக் குறை சொல்வதற்கு முன் என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த தவறு

நான் பணியில் சேர்ந்த புதிது. ராசிபுரம் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் மரவள்ளிச் சாகுபடி பற்றிப் பேசினேன். "எக்டருக்கு அடியுரமாக 45 கிலோ தழைச்சத்து, 90 கிலோ மணிச்சத்து, 120 கிலோ சாம்பல்சத்து இட வேண்டும். நட்ட 90-ஆம் நாள் மேலுரமாக மீண்டும் 45 கிலோ தழைச்சத்தும் 120 கிலோ சாம்பல்சத்தும் இட வேண்டும்" என்று மனப்பாடமாகச் சொன்னேன். பல்கலைக்கழகப் பரிந்துரையில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க தம்பி, அந்தத் தழைச்சத்து எந்தக் கடையிலீங்க கிடைக்கும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேரமாகிவிட்டதால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அதே ஊருக்குப் போனேன். இரண்டரை ஏக்கரில் மரவள்ளி வைத்திருந்த ஓர் உழவர், "நீங்க சொன்னபடிதானுங்க 45 கிலோ போட்டேன்" என்றார். அவர் போட்டது 45 கிலோ யூரியா. இரண்டரை ஏக்கர் என்பது ஏறத்தாழ ஓர் எக்டர். யூரியாவில் 46 விழுக்காடுதான் தழைச்சத்து. ஆகவே 45 கிலோ தழைச்சத்துக்கு 98 கிலோ யூரியா வேண்டும். தேவையில் பாதிக்கும் குறைவாகவே அவர் பயிருக்குக் கிடைத்திருந்தது. தவறு என்னுடையது. நட்டம் அவருடையது.

அந்தப் பெரியவர் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. கடையில் விற்பது யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ். நிலத்தை நாம் பேசுவது ஏக்கரில். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஏக்கருக்கு அடியுரமாக யூரியா 40 கிலோ, அதாவது இப்போது வரும் 45 கிலோ மூட்டையில் 5 கிலோ குறைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் பாஸ்பேட் நாலரை மூட்டை. பொட்டாஷ் 80 கிலோ, ஒன்றரை மூட்டைக்குச் சற்று மேல். 90-ஆம் நாள் அதே அளவு யூரியாவும் பொட்டாஷும் மறுபடி போடுங்கள். மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டைப்படி மாற்றிக்கொள்ளுங்கள்." இவ்வளவுதான். சொல்லி முடித்தபின் "நான் என்ன சொன்னேன், நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள்" என்று ஒருவரையாவது கேட்டிருந்தால் தவறு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும்.

சேலத்திலிருந்து ஒரு பழைய பாடம்

மக்களிடம் பேச அதிகாரிக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. அதன் தொடக்க வரலாற்றில் நம் சேலத்திற்கும் இடமுண்டு.

1792-இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அப்போது தலைமை ஆளுநராக இருந்த காரன்வாலிஸ், இப்பகுதியை நிர்வகிக்கச் சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியையும், அவருக்கு உதவியாகச் சில படை அதிகாரிகளையும் நியமித்தார். சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு இந்நாட்டு மக்களின் மொழியும் வழக்கமும் தெரியாது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் இப்பகுதியில் பணியாற்றினார். நிலத்தை அளந்து, இடையில் ஆளின்றி ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாக வரி முடிவு செய்யும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது.

உழவரிடம் நேரடியாகப் பேச வேண்டுமென்றால் மொழி தெரிய வேண்டும். 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. புதிதாக வரும் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் நம் நாட்டுப் புலவர்களைக் கொண்டு கற்பிக்கப்பட்டன. இதற்கு முன்னின்றவர் எல்லிஸ் என்னும் அதிகாரி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய அதிகாரி தமிழ் கற்றது பெரும்பாலும் தான் அறிய வேண்டியதைக் கேட்பதற்கு: எத்தனை காணி, என்ன மண், எவ்வளவு வரி. உழவர் சொல்ல விரும்பியதைச் சொல்வதற்கு அந்த ஏற்பாட்டில் இடம் மிகக் குறைவு. மொழி ஒன்றாகிவிட்டால் மட்டும் பேச்சு இருவழியாகிவிடாது.

நாள் குறித்து வந்த அலுவலர்

விடுதலைக்குப் பிறகு, 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கிராம சேவகர் வந்தார். ஆனால் விதை, உரம், சாலை, பள்ளி, சுகாதாரம் என்று எல்லாப் பொறுப்பும் அவர் ஒருவர் தலையில் விழுந்ததால் எதையும் செவ்வனே செய்ய அவரால் இயலவில்லை.

அடுத்த பெரிய முயற்சி, 1981-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய பயிற்சியும் பார்வையிடலும் என்னும் முறை. இங்குள்ள மூத்த உழவர்கள் சிலருக்கு அது நினைவிருக்கும். களப்பணியாளருக்கு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பயிற்சி. அடுத்த இரண்டு வாரங்களில் வயலில் செய்ய வேண்டிய சில வேலைகளை மட்டும் அவர் கற்றுக்கொள்வார். பிறகு குறித்த நாளில், குறித்த ஊருக்கு வருவார். ஒவ்வொரு பகுதியிலும் தேர்ந்தெடுத்த தொடர்பு உழவர்களிடம் சொல்வார். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இதில் இரண்டு நன்மைகள் இருந்தன. அலுவலர் எந்த நாளில் வருவார் என்று ஊருக்குத் தெரியும். ஒரே நாளில் இருபது செய்தி சொல்லாமல் அப்போதைக்கு வேண்டியதை மட்டும் சொன்னார். குறையும் இருந்தது. தொடர்பு உழவர் பல இடங்களில் வசதி படைத்தவராக அமைந்துவிட்டார். அவருக்குச் சொன்னது அரை ஏக்கர்க்காரரின் காதுக்கு எட்டவில்லை. உழவரின் கேள்வி அலுவலர் வழியாக விஞ்ஞானிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் நோக்கமே. ஆயினும் செய்தி மேலிருந்து கீழே வந்த அளவுக்குக் கேள்வி கீழிருந்து மேலே போகவில்லை. 1990-களில் அம்முறை முடிவுக்கு வந்தது. குறித்த நாளில் வருவது என்ற அதன் நல்ல பழக்கத்தையும் நாம் அத்தோடு விட்டுவிட்டது வருந்தத்தக்கது.

மாவுப்பூச்சி கற்பித்த பாடம்

இனி நம் வயலுக்கே வருவோம். 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் அது தாக்கியது. மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் கொண்டுவரப்பட்டு வயல்களில் விடப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் என்பது நன்கு பெருகிப் பூச்சியை அடக்கியது.

பிறகு 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி என்ற வேறோர் இனம் கேரளத்தில் திருச்சூர்ப் பகுதியில் காணப்பட்டு, விரைவில் நம் மாவட்டங்களுக்கும் வந்தது. நுனிக் குருத்து சுருண்டு கொத்தாகிச் செடி குட்டையாகிவிடும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து மரவள்ளியையே நம்பியிருந்த மக்களைப் பெருந்துன்பத்துக்கு ஆளாக்கியது. அங்கே அதை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்னும் குளவியை, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் உழவர்கள் முன்னிலையில் அது வயலில் விடப்பட்டது.

இந்தக் காலத்தில் நான் இரண்டு கூட்டங்களைப் பார்த்தேன்.

முதல் கூட்டத்தில் பேசிய அலுவலர், "ஒட்டுண்ணி வரப்போகிறது. அதுவரை பூச்சிக்கொல்லி தெளிக்காதீர்கள்" என்றார். சொன்னது சரி. பூச்சிக்கொல்லி தெளித்தால் குளவியும் சாகக்கூடும். ஆனால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும், பொறுத்தால் என்ன நடக்கும், அதுவரை என்ன செய்யலாம் என்று அவர் சொல்லவில்லை. குத்தகை நிலத்தில், நகையை அடகு வைத்து நட்ட ஓர் உழவர் மறுநாள் காலையிலேயே தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவரை அறியாதவர் என்று சொல்ல நான் தயாராக இல்லை. அவருக்குக் காரணமும் கெடுவும் சொல்லப்படவில்லை. கட்டளை மட்டுமே சொல்லப்பட்டது.

இரண்டாவது கூட்டத்துக்கு வந்தவர் ஓர் இளம் பெண் அலுவலர். மேடையில் ஏறவில்லை. மரவள்ளி நுனிகளைக் கண்ணாடிக் குப்பியில் வைத்து, வாயைத் துணியால் கட்டி எடுத்து வந்திருந்தார். கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. "வெள்ளையாக இருப்பது உயிருள்ள பூச்சி. பழுப்பாக உப்பியிருப்பதற்குள் குளவியின் புழு இருக்கிறது. இதோ ஓட்டை விழுந்திருக்கிறதே, இதிலிருந்து குளவி வெளியேறிவிட்டது" என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். "கொசுவைவிடச் சிறியது. ஆளைக் கொட்டாது. வாரத்துக்கு ஒரு நாள் பத்து நுனிகளைப் பாருங்கள். பழுப்பு உடல்கள் கூடிக்கொண்டே வந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். பூச்சி அடியோடு ஒழியாது. பயிர் தாங்கும் அளவுக்கு அடங்கும். தாக்குண்ட வயலிலிருந்து மட்டும் கரணை எடுத்து நடாதீர்கள்" என்றார். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொன்னார். கூட்டிச் சொல்லவில்லை.

அப்போது ஓர் அம்மா, "பக்கத்துத் தோட்டத்துல பருத்திக்கு மருந்து அடிக்கிறாங்களே, அந்தக் காத்து பட்டா குளவி சாகாதுங்களா?" என்று கேட்டார். அலுவலர் சற்று யோசித்து, "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை அம்மா. கேட்டு வந்து சொல்கிறேன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். பத்து நாளில் திரும்பி வந்தார். மருந்துக் காற்று பட்டால் குளவிக்குக் கெடுதிதான், ஆகவே பருத்தி வயலை ஒட்டிய வரப்பில் விடாமல் வயலின் மறுகோடியில் விட வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரரையும் கூட்டத்துக்கு அழைத்து வர வேண்டும் என்று சொன்னார். அந்த ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு வந்தது அவர் முதல் நாள் பேசிய பேச்சால் அன்று, பத்தாம் நாள் திரும்பி வந்ததால்.

பயிற்சியில் எது வேண்டும்?

இன்று பயிற்சி நிலையங்களுக்குக் குறைவில்லை. ஆட்சிப் பணி அலுவலர்கள் முசோரியில் பயிற்சி பெறுகிறார்கள். எந்த மாநிலத்துக்கு ஒதுக்கப்படுகிறார்களோ அந்த மாநில மொழியையும் கற்கிறார்கள். ஊராட்சித் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் மறைமலை நகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் பயிற்சி அளிக்கிறது. வேளாண் அலுவலர்களுக்குக் குடுமியான்மலையில் விரிவாக்க மேலாண்மைக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது.

இவற்றில் ஒலிபெருக்கி முன் எப்படி நிற்பது, படம் எப்படிக் காட்டுவது என்பவை கற்பிக்கப்படலாம். அவை வேண்டியவையே. ஆனால் மக்களிடம் பேசுபவருக்கு முதன்மையாக வேண்டியவை ஐந்து என்பது என் கருத்து.

1. கேட்பவர் பயன்படுத்தும் அளவிலும் சொல்லிலும் பேசுதல். எக்டர் அன்று, ஏக்கர். சத்து அன்று, மூட்டை.

2. செய்யச் சொல்வதோடு காரணத்தையும் கெடுவையும் சொல்லுதல்.

3. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுதல்.

4. கேட்ட கேள்வியை எழுதிக்கொண்டு, பதிலோடு குறித்த நாளில் திரும்பி வருதல்.

5. பின்வரிசையில் இருப்பவரையும், கூட்டத்துக்கு வராத வீட்டையும் தேடிப் பேசுதல். களையெடுப்பதும் கரணை நறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் சொல்லாத செய்தி வயலுக்குப் போகாது.

உங்கள் பங்கு

இந்த ஐந்தில் நான்காவதை எந்தப் பயிற்சி நிலையமும் முழுமையாகக் கற்பிக்க முடியாது. அதைக் கற்பிப்பவர்கள் நீங்கள். பதில் கேட்கும் ஊரில்தான் அலுவலர் பதிலோடு வருவார்.

அதற்கு உங்களுக்கு இரண்டு களங்கள் இருக்கின்றன. ஒன்று, மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் உழவர் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மற்றொன்று கிராம சபை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊர் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். முன்பு ஆண்டுக்கு 4 நாள்கள் கூடிய அச்சபை, 2022-இல் 6 நாள்களாக உயர்த்தப்பட்டது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாள்கள்.

இக்கூட்டங்களில் நான் காண்பது என்ன? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கோபம் தீர்கிறது, குறை தீர்வதில்லை. அடுத்த கூட்டத்தில் அதே குறையைப் புதிதாகச் சொல்கிறோம். "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது உண்மைதான். ஆனால் என்ன வேண்டுமென்று தெளிவாகக் கேட்கும் உழவருக்குப் பதில் விரைவாகக் கிடைக்கும்.

ஆகவே சில வழிகளைக் கடைப்பிடியுங்கள்.

ஒரு மனுவில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். "மரவள்ளிக்கு விலை இல்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தத் தேதியில், எத்தனை டன், எத்தனை பாயிண்ட், என்ன விலை என்று ஆலைச் சீட்டோடு காட்டுங்கள். அலுவலரால் தட்டிக் கழிக்க இயலாது.

அலுவலர் சொன்னது புரியாவிட்டால் கூச்சப்படாதீர்கள். "ஏக்கருக்கு எத்தனை மூட்டைங்க?" என்று கேளுங்கள். நீங்கள் புரிந்துகொண்டதை அவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.

"பார்க்கிறோம்" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். "எந்தத் தேதிக்குள், யார் சொல்வார்கள்?" என்று கேட்டு அதை எழுதிவையுங்கள். கிராம சபையானால் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்தில் புதிய குறைக்கு முன், சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் என்ன ஆயின என்பதை முதலில் படிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வழக்கம் நிலைத்துவிட்டால் போதும், பதவியில் இருப்பவர் எவரும் வீட்டுப்பாடம் செய்யாமல் வரமாட்டார்.

நல்லபடியாகப் பதில் சொன்ன அலுவலரைக் கூட்டத்திலேயே பாராட்டுங்கள். தெரியாது என்று ஒப்புக்கொண்டவரைக் கேலி செய்யாதீர்கள். கேலி செய்தால் அடுத்த முறை தெரிந்ததுபோல் பேசிவிட்டுப் போவார். அதன் நட்டம் உங்களுக்கே.

நிறைவாக ஒன்று. 2019 டிசம்பரில் நம் மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. இனி வரும் தேர்தல்களில் நிற்கப் போகிறவர்கள் உங்களிடையே இருப்பீர்கள். இட ஒதுக்கீட்டில் சரிபாதி பெண்களுக்கு என்பதால் தாய்மார்களையும் சேர்த்தே சொல்கிறேன். மேடையில் பேச வரவில்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில் மக்கள் கேட்டதை எழுதுங்கள். வலப்பக்கத்தில் நீங்கள் சொன்ன பதிலையும் தேதியையும் எழுதுங்கள். வலப்பக்கம் வெற்றாக இருக்கும் வரிக்கு விடை தேடுவதே உங்கள் முதல் வேலை.

நான் இன்றும் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதன் முதல் பக்கத்தில் முதல் வரியாக, தழைச்சத்து எந்தக் கடையில் கிடைக்கும் என்ற அந்தப் பெரியவரின் கேள்வியை எழுதியிருக்கிறேன். இன்று நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவற்றுக்கு இப்போதே பதில் சொல்கிறேன். தெரியாதவற்றை எழுதிக்கொண்டு போய், அடுத்த மாதம் இதே இடத்துக்குப் பதிலோடு வருகிறேன். வராவிட்டால் கேளுங்கள்.